மாஸ்டரின் காது

மாஸ்டருக்குக் காது எப்போது மந்தமாகத் தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்படவும் இல்லை. முப்பது வருஷமாக முடி வெட்டுகிறவர். இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, ஓரத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, மூலையில் ஓயாமல் ஓடும் டிவி. அவ்வளவுதான் சலூன். முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவது நாற்காலியில் பத்து வருஷமாக ஒரே ஆள்தான் நின்றான். நாற்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். மாஸ்டர் அவனைத் தம்பி என்பார். அவன் அண்ணே என்பான்.

அந்தத் தெருவில் வேறு சலூன்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆட்கள் மாஸ்டரைத் தேடி வந்ததற்குக் கத்தரி மட்டும் காரணமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் மனசிலிருப்பதைக் கொட்டலாம். மாஸ்டர் சரியான இடத்தில் ‘அடடா’ போடுவார், சரியான இடத்தில் சிரிப்பார், சொன்னதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தப் பெயர்தான் கடையின் மூலதனம்.

காது கைவிட்டபோது கண்ணாடி கைகொடுத்தது. எதிரே தெரியும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவர் தானாகவே பழகிக்கொண்டார். பிடிபடாத இடத்துக்கென்று நாலு வார்த்தை வைத்திருந்தார். ‘அது சரி’, ‘கேக்கவே வேணாம்’, ‘காலம் அப்படி’, ‘நல்லது நல்லது’. இந்த நாலையும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் பேச்சும் கரை சேர்ந்துவிடும்.

காது மெஷின் போடலாம் என்ற நினைப்பு வராமல் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்தாலே மாஸ்டருக்கு நாக்கு சும்மா இருக்காது. “சார், ரேடியோவுல இன்னிக்கு என்ன பாட்டு?” என்பார். பெஞ்சே சிரிக்கும். கணக்கரும் சிரிப்பார். ஒரு கட்டத்தில் அவர் வருவது நின்றுவிட்டது. அது ஏன் என்று மாஸ்டர் யோசித்துப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பஸ் டிரைவர் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் மகள் ஒரு வேலைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தது மாஸ்டருக்குத் தெரியும். முகம் முழுக்க நுரை பூசி, தாடையைத் தூக்கிக் கத்தியை வைத்த நேரத்தில் டிரைவர் ஏதோ சொன்னார். நுரைக்குள் உதடு தெரியவில்லை. டிவியில் விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் காதில் விழுந்தது ‘அவளுக்கு’ என்பதும், கடைசியில் ‘போச்சுன்னு சொல்லிட்டாங்க’ என்பதும்தான். வேலை முடிவாகிப் போச்சு என்று மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார்.

“ஆஹா! இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க!” என்றார் உரக்க. “பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு முடிவு வந்துச்சு பாருங்க. அப்ப விருந்து எப்ப?”

டிரைவர் அசையவில்லை. கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் மாஸ்டரைப் பார்த்தன. பிறகு கழுத்தைச் சுற்றியிருந்த துணியை உருவி, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கன்னம் மழித்தது, ஒரு கன்னம் மழிக்காதது. அப்படியே தெருவில் இறங்கி நடந்தார்.

தம்பி கத்தரியைக் கீழே வைத்தான். பக்கத்தில் வந்து, முகத்துக்கு நேராக நின்று சொன்னான். “அண்ணே, அவர் சம்சாரத்துக்குக் கேன்சராம். முத்திப்போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். அதைத்தான் சொன்னாரு.”

மாஸ்டருக்கு வாய் முந்திக்கொண்டது. “தெரியும்பா. மனசைத் தேத்தலாம்னு வேற மாதிரி பேசினேன். அவருக்குப் புரியலை.”

தம்பி அவரைப் பார்த்தான். தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

ஓடிப்போய் டிரைவரைத் தெருமுனையில் பிடித்திருக்கலாம். அன்று மாலை வீட்டுக்குப் போயிருக்கலாம். மறுநாள் போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு, கல்நெஞ்சக்காரன் என்று பெயர் எடுப்பதே மேல் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தும் அவருக்குக் கூசியது.

மூன்று வாரம் கழித்து, கத்தரிக்குச் சாணை பிடிக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு பகுதியில் இருந்த காது பரிசோதனை நிலையத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கணக்கர்தான். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ பழுது பார்க்க வந்திருந்தார். மாஸ்டர் மேஜையிலிருந்த பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிரித்துப் பிடித்துக்கொண்டார். கணக்கர் போகும்வரை அதை இறக்கவில்லை. அது கர்ப்பிணிகளுக்கான பத்திரிகை என்பதைப் பிறகுதான் பார்த்தார்.

பரிசோதனை செய்கிற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நிதானமானவள். “என்ன வேலை பார்க்கறீங்க, ஐயா?” என்று கேட்டாள்.

“ஆபீஸ். காகித வேலை. அமைதியான இடம்.”

“கேக்கறதுல எங்கே சிரமம்?”

“சிரமமெல்லாம் ஒண்ணும் இல்லை. வீட்டுல சொல்றாங்களேன்னு வந்தேன்.”

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்டாலும் அழுத்த வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நாற்காலியைப் பக்கவாட்டில்தான் போட்டிருந்தாள். ஆனால் கண்ணாடியில் ஆட்களைக் கவனிப்பதே பிழைப்பாக இருந்தவருக்கு அது ஒரு தடையே இல்லை. ஒவ்வொரு முறை ஒலியை அனுப்பும்போதும் அவளுடைய வலது தோள் நூலளவு இறங்குவதை ஓரக்கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். தோள் இறங்கியது, அழுத்தினார். மறுபடி இறங்கியது, மறுபடி அழுத்தினார். நடுநடுவே நம்பும்படி இரண்டு மூன்றை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய நாளுக்குப் பிறகு, ஐம்பத்து நாலாவது வயதில், காப்பியடித்தார்.

அடுத்து அவள் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னாள். திருப்பிச் சொல்ல வேண்டும். ‘பட்டு’ என்றாள், அவர் ‘கட்டு’ என்றார். ‘சோறு’ என்றாள், ‘தோடு’ என்றார். பாதிக்குமேல் தப்பு.

அவள் அவரை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்து வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தாள். “ஒலிகளை நல்லாவே பிடிச்சிருக்கீங்க. சொற்கள் வரலை. ரெண்டும் ஒத்துப்போகலையே. இன்னொரு நாள் வாங்க, மறுபடி பார்த்துடலாம்.”

“ராத்திரி சரியா தூக்கமில்லை, அதான். இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடுங்கம்மா. உள்ளே போனா வெளியே தெரியாதாமே, சின்னதா, அது போதும்.”

அவள் தயங்கினாள். சோதித்துப் பார்க்க மட்டும், இரண்டு வாரத்தில் கட்டாயம் திரும்பி வர வேண்டும் என்று அழுத்திச் சொல்லித்தான் கொடுத்தாள். பட்டாணி அளவு இரண்டு கருவிகள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பஸ் ஏறிய பிறகுதான், கேட்கிறதா என்று பார்க்காமலே வந்துவிட்டது உறைத்தது.

கேட்டது, ஆனால் வேண்டாததெல்லாம் கேட்டது. மின்விசிறி கேட்டது. தன் பல் மெல்லும் சத்தம் கேட்டது. முடி வெட்டும் மெஷினை ஓட்டினால் காதுக்குள் குளவி புகுந்தது போலிருந்தது. குனிந்து வேலை செய்கையில் தோளோ துண்டோ காதருகே வந்தால் ‘கீ’ என்று விசில் அடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “எலி” என்றார் மாஸ்டர். பேச்சோ பழையபடி கொழகொழவென்றே இருந்தது. அவருடைய பொய்க் காதுக்குப் பொருத்திய கருவி, நிஜக் காதுக்கு என்ன செய்யும்?

பத்தாம் நாள் மூன்று மணி வாக்கில் ஒரு புது ஆள் வந்தான். ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலையாம், இஸ்திரி கலையாத சட்டை. மாஸ்டர் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோதே அவன் குனிந்து செருப்பைச் சரிசெய்தபடி ஏதோ சொன்னான். ‘ஓரத்துல’, ‘மெஷின்’ என்ற இரண்டு சொல் கிடைத்தது. “நல்லது நல்லது” என்றார். மெஷினை எடுத்து இடது காதுக்கு மேலே ஒரே இழுப்பு இழுத்தார்.

மயிர் விலகிய இடத்தில், காதிலிருந்து நெற்றி ஓரம்வரை, பழைய தீக்காயத் தழும்பு ஒன்று சிவப்பாகச் சுருங்கிக் கிடந்தது.

அவன் துள்ளி எழுந்தான். கையால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டான். இந்த முறை அவன் போட்ட கூச்சல் மாஸ்டருக்கே தெளிவாகக் கேட்டது. “ஓரத்துல மெஷின் வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போவேன்?”

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் பார்த்தார்கள். மாஸ்டர் திரும்பி, தம்பியின் முகத்தைப் பார்த்து, இதைச் சொன்னார்: “ஏன்பா, நீதானே மெஷின் போடச் சொல்றாருன்னு சொன்னே?”

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு, “ஆமா சார். தப்பு என்மேலதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றான்.

அந்த ஆள் தம்பியைத் திட்டின திட்டை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. தம்பி தலையைக் குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டான். பிறகு அவனே கத்தரியை எடுத்து, மேலிருந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு இழுத்து, தழும்பில் பாதியாவது மறையும்படி ஒப்பேற்றி அனுப்பினான். பெஞ்சு காலியானதும் தரையைப் பெருக்கினான். மாஸ்டர் கத்திகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கத்தியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

தம்பி டிவியை அணைத்துவிட்டு வந்து, பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் பேசறது கேக்குதா?”

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“ரெண்டு வருஷமா உங்க நாற்காலியில உக்கார்றவங்க சொல்றதை நான் உரக்கத் திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கேன். ‘பின்னாடி குட்டையா சார்?’, ‘மீசையில கை வைக்க வேணாமா சார்?’ன்னு. நீங்க கவனிச்சிருக்கீங்களா?”

மாஸ்டர் கவனித்திருந்தார். வரவர இவனுக்கு வாய் நீளுகிறது, என் வாடிக்கையை வளைக்கப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தார். ஒரு முறை மனைவியிடம் அப்படிச் சொல்லியும் இருந்தார்.

“இன்னிக்கு அந்த ஆள் வந்தப்ப நான் தண்ணி பிடிக்க உள்ளே போயிருந்தேன். அதான் விட்டுப்போச்சு” என்றான் தம்பி. “திட்டு வாங்கினது பெரிசில்லைண்ணே. என் கண்ணைப் பார்த்துக்கிட்டே சொன்னீங்க பாருங்க. அதான் தாங்கலை.”

மாஸ்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “யார் யாருக்குத் தெரியும்?” என்றார்.

“யாருக்குண்ணே தெரியாது?”

அவர் எழுந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார். இத்தனை வருஷமும் தான் ஒளித்து வைத்ததாக நினைத்தது, எல்லோரும் பார்த்து, பார்க்காததுபோல் இருந்துவிட்ட ஒன்று. பெஞ்சில் இருந்தவர்கள் அவருடைய ‘கேக்கவே வேணாம்’ என்ற வார்த்தைக்குச் சில நேரம் ஏன் அப்படி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அந்தக் குழாயடியில்தான் விளங்கியது.

அன்று வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாணை பிடிக்கப் போகாததை, பொத்தானை அழுத்தியதை, தம்பியைக் காட்டிக்கொடுத்ததை. டிரைவர் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. “எனக்கும் தெரியும்” என்றாள். “நீங்க என் முகத்தைப் பார்க்கிறப்பதான் நான் பேசறேன். இல்லேன்னா கையைத் தொட்டுக் கூப்பிட்டுட்டுப் பேசறேன். விளக்கை அணைச்ச பிறகு உங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்லை. அதை விட்டு நாலு வருஷம் ஆகுதுங்க.”

விளக்கை அணைத்த பிறகு அவள் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் எரிஞ்சு விழுந்தீங்க. மூணாவது தடவை சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?”

இரண்டு நாள் கழித்து இருவருமாகப் போனார்கள். மாஸ்டர் அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, பட்டாணிக் கருவிகளை மேஜையில் வைத்தார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், அவருக்காகப் பேசவில்லை.

“நான் ஆபீஸ்ல இல்லைம்மா. முடி வெட்டறவன். அன்னைக்கு உங்க தோளைப் பார்த்துப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினேன்.”

அவள் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது தெரிந்தது. “ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. ஆனா என் தோள்னு நினைக்கலை. இனிமே நானும் ஜாக்கிரதையா இருக்கணும்” என்றாள். பிறகு நாற்காலியைத் தூக்கி, கண்ணாடித் தடுப்புக்கு முழுவதும் முதுகு காட்டும்படி போட்டாள். மனைவியை அறைக்குள்ளேயே ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள்.

கதவைச் சாத்தினாள். மாஸ்டர் பஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார். முதலில் சில ஒலிகள் வந்தன, அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் வேறு வேலையாகப் போய்விட்டாளோ என்று நினைத்தார். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை. விரல் வியர்த்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை.

கதவு திறந்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ஹெட்ஃபோன்லேருந்து வெளியே கசிஞ்சு எனக்கே கேட்டுதுங்க” என்றாள். “கீச் கீச்னு அவ்வளவு சத்தமா வந்துது. நீங்க அப்படியே உக்காந்திருந்தீங்க.”

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். கோடு தாளின் இடப் பக்கம் ஓரளவு மேலே இருந்து, வலப் பக்கம் மாடிப்படி போல இறங்கிப் போனது. “கனமான ஒலி உங்களுக்குக் கேக்குது. கூர்மையான ஒலி கேக்கலை. ச, த, ப, க எல்லாம் அங்கேதான் இருக்கு. அதனாலதான் யாரோ பேசறது தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. ரெண்டு காதும் அப்படித்தான். இப்ப நிஜமா சொல்லுங்க. ஒரு நாளைக்கு எங்கெங்கே, யார் பேசறதைக் கேக்கணும்?”

அவர் சொன்னார். டிவி, மெஷின், முடி உலர்த்துகிற டிரையர், பின்னாலிருந்து வரும் குரல், நுரைக்குள்ளிருந்து வரும் குரல். பறக்கிற துண்டு மயிர், பவுடர், ஈரக் கை. அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து ஒரு தட்டில் மூன்று வகைகளை வைத்தாள். உள்ளே மறையும் பட்டாணி. காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய கம்பி வழியாக உள்ளே போவது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடிப்பாக உட்கார்ந்து, ஒரு குழாயும், காதின் அச்சுக்கே செய்த அடைப்பும் உள்ளது. கணக்கர் போட்டிருந்தது இந்த மூன்றாவது மாதிரி.

மாஸ்டரின் கை, இவ்வளவுக்குப் பிறகும், பட்டாணிப் பக்கமே போனது.

“இது மறைவா இருக்கும். உங்களுக்கு வேண்டிய பலம் இதுக்குக் கிடையாது” என்றாள் அந்தப் பெண். “நீங்க மறைக்கணும்னு வாங்கறீங்களா, கேக்கணும்னு வாங்கறீங்களா?”

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார்.

கம்பி வைத்ததை முதலில் இரண்டு வாரம் கடையில் போட்டுப் பார்த்தார். சத்தம் தெளிவாக இருந்தது. முதல் நாள் பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டு யாரோ துணியைக் கிழிக்கிறார்கள் என்று திரும்பினார். ஆனால் கடையின் மயிர்த்தூளும் பவுடரும் ஆறாம் நாளே உள்ளே போகும் நுனியை அடைத்துவிட்டன. சுத்தம் செய்து போட்டால் மறுபடி அடைத்தது. அடுத்த இரண்டு வாரம் மூன்றாவதைப் போட்டார். மெழுகு போன்ற மாவைக் காதுக்குள் செலுத்தி அச்சு எடுத்து அடைப்பு செய்தார்கள். கழற்றித் துடைக்கலாம், அடைப்பைக் கழுவலாம், மெஷின் இரைச்சலை அடக்க ஒரு தனி அமைப்பும் வைத்துக் கொடுத்தாள். “உடனே எல்லாம் பழகிடாது. உங்க மூளைக்கு இந்தச் சத்தமெல்லாம் மறந்துபோயிருக்கு. தினமும் போடுங்க” என்றாள். அவர் அதையே எடுத்துக்கொண்டார். மூன்றிலும் அதுதான் வெளியே அதிகம் தெரிந்தது.

தெரிந்தது என்றால், தெருக்கோடியிலிருந்தே தெரிகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. அதை மாட்டிய முதல் நாள் பஸ்ஸில் கையைக் காதருகே வைத்து மறைத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்ததும் பெஞ்சில் ஒருவன், “என்ன மாஸ்டர், போன் பேசிக்கிட்டே வர்றீங்க?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது கணக்கரும் இப்படித்தான் சிரித்திருப்பார் என்று புரிந்து, சிரிப்பு பாதியில் நின்றது.

அன்றே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார், பெஞ்சில் ஆள் இருக்கும்போதே. அவன், “விடுங்கண்ணே, வேலையைப் பாருங்க” என்று நெளிந்தான். ஹோட்டலுக்கும் போனார். வரவேற்பு மேஜையில் அந்த ஆள் முடியை ஓரமாகச் சீவிவிட்டு நின்றிருந்தான். “அன்னைக்குத் தப்பு என்னோடது. எங்க ஆள் மேல ஒண்ணும் இல்லை” என்றார். அவன், “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டான். வேறொரு விருந்தினர் வந்ததும் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிரைவர் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சனிக்கிழமை கழிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவர் நாலு நாள் தாடியோடு இருந்தார். வேறு சலூனுக்கும் போகவில்லை என்று தெரிந்தது. உள்ளே கூப்பிடவில்லை.

“டிரைவர் சார், அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கலை. பாப்பாவுக்கு வேலை கிடைச்சுதுன்னு நினைச்சுட்டேன். எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே.” தலையைத் திருப்பி மெஷினைக் காட்டினார், நிரூபணம் காட்டுகிறவர் போல. “அடுத்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. ஓடி வந்திருக்கணும். வரலை.”

“மூணு மாசம்” என்றார் டிரைவர்.

“வெக்கம் சார்.”

“உங்க வெக்கம் உங்களுக்கு. நான் மூணு மாசமா, பதினெட்டு வருஷமா என் கழுத்துல கத்தி வச்ச மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.”

மாஸ்டர் நின்றார். போகலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஏதோ ஒரு சின்ன ஒலி வந்தது. குரல் என்று தெரிந்தது, சொல் பிடிபடவில்லை. டிரைவர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

“யாரு, மாஸ்டரான்னு கேக்கறா. மருந்துல முடி கொத்துக் கொத்தா வருது. தலையணையெல்லாம் முடி. வெட்டி விட முடியுமான்னு கேக்கச் சொல்றா.”

மறுநாள் காலை கத்தரி, சீப்பு, பெரிய துணியோடு போனார். முடி வெட்டும் மெஷினை எடுத்துப் போகவில்லை. கட்டிலருகே நாற்காலி போட்டு டிரைவரின் மனைவியை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லை. அவள் பின்பக்கம் நின்றுதான் வெட்ட வேண்டும். முகத்தைப் பார்க்க வழியில்லை. கையில் எடுத்தால் கையோடு வந்தது முடி. மெல்ல மெல்ல வெட்டினார்.

அவள் ஏதோ சொன்னாள். குரல் என்று சொல்ல முடியாது, மூச்சுதான். மாஸ்டரின் நாக்கு நுனிக்கு ‘அது சரி’ வந்துவிட்டது. கத்தரியை நிறுத்தினார். சுற்றி முன்னால் வந்து குனிந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. எனக்குக் காது சரியா கேக்காது.”

அவள் சொன்னாள். பிடிபடவில்லை. டிரைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், குறுக்கே பேசவில்லை.

“மன்னிக்கணும். இன்னும் ஒரே ஒரு தடவை.”

“கழுத்துல குத்துது” என்றாள் அவள்.

அவ்வளவுதான். பிரஷ்ஷை எடுத்துக் கழுத்திலிருந்த துண்டு மயிரைத் தட்டிவிட்டார். துணியை மடித்து மறுபடி கட்டினார். “இப்ப?” என்றார். அவள் தலையசைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிந்ததும் டிரைவர் வெளி வாசல்வரை வந்தார். கூலி எடுத்து நீட்டினார். மாஸ்டர் வாங்கத் தயங்கியபோது, “வாங்கிக்குங்க. அது வேற, இது வேற” என்றார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த ஐந்து மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவரைக் கூப்பிட்டார்கள். அங்கேயே டிரைவருக்கும் சவரம் செய்துவிடுவார். அந்த நேரத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு டிரைவர் சலூனுக்கு வருவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவர் வேறு தெருவில் ஒரு கடைக்குப் போகத் தொடங்கினார். வழியில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். மாஸ்டர் தன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி நகர்ந்து நின்று கேட்டுக்கொள்வார். அந்தக் காது கொஞ்சம் தேவலை.